எமுலேட்டரில் கன்சோல் லாக் எங்கே போகிறது? (கார்டோவா, ஆண்ட்ராய்டு)

ஈரக்காகிதம்:
வணக்கம். கார்டோவாவில் (வெப் பக்கத்தை மொபைல் ஆப்பாக ஆக்கும் கருவி) ஒரு சின்ன ஆப் செய்கிறேன். பிரவுசரில் லாகின் ஒழுங்காக நடக்கிறது. எமுலேட்டரில் (கணினிக்குள் ஓடும் போலி ஆண்ட்ராய்டு போன்) அதே பட்டனை அமுக்கினால் ஒன்றுமே ஆவதில்லை. பிழையைப் பிடிக்கும் கேட்ச் பகுதியில் அதை அச்சிட்டுப் பார்க்க கன்சோல் லாக் போட்டிருக்கிறேன், அது எங்கே அச்சாகிறது என்றே தெரியவில்லை. டெர்மினலில் "லாஞ்ச் சக்சஸ்" என்று வந்ததோடு சரி. இப்போதைக்கு வரிக்கு வரி அலர்ட் போட்டு ஓட்டுகிறேன், ஓகே அமுக்கியே விரல் வலிக்கிறது.
எச்டிடிபி அனுமதிதான் சிக்கலோ என்று நினைத்து, கான்ஃபிக் கோப்பில் ஸ்கீமை எச்டிடிபி ஆக்கி, கிளியர்டெக்ஸ்ட்டையும் (குறியாக்கம் இல்லாத இணைப்பு) திறந்துவிட்டேன். பயனில்லை.

திண்ணைவாசி:
கார்டோவா ரன் ஆப்பை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆப் வெப்வியூவுக்குள் (ஆப்புக்குள் இருக்கும் குட்டி பிரவுசர்) ஓடுவதால் கன்சோல் லாக் எல்லாம் ஆண்ட்ராய்டின் பொதுப் பதிவான லாக்கேட்டுக்குப் போகும். டெர்மினலில் 'ஏடிபி லாக்கேட் -எஸ் குரோமியம்' என்று கொடுங்கள் (ஏடிபி என்பது கணினியிலிருந்து ஆண்ட்ராய்டோடு பேசும் கருவி; இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் தட்டுங்கள்). அந்த -எஸ் இல்லாவிட்டால் மொத்த ஆண்ட்ராய்டும் பேசும், உங்கள் வரி அதில் கரைந்துபோகும்.

ஈரக்காகிதம்:
"மோர் தேன் ஒன் டிவைஸ்" என்று திட்டுகிறதே?

திண்ணைவாசி:
போன் சார்ஜுக்காக லேப்டாப்பில் செருகியிருக்கிறதா? ஏடிபிக்கு அடுத்து -ஈ சேருங்கள், எமுலேட்டரை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

ஈரக்காகிதம்:
ஆமாம், போன்தான்! இப்போது லாக் வருகிறது. ஆனால் வருவது இதுதான்: "[ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்]". படி (எந்தக் கட்டம்), பிழை இரண்டையும் ஒரே ஆப்ஜெக்டாக வைத்து லாக் செய்திருந்தேன். ஆப்ஜெக்டை எழுத்தாக மாற்றும் ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை போட்டுப் பார்த்தேன், {"படி":"லாகின்","பிழை":{}} என்று காலியாக நிற்கிறது. பிழையே இல்லை என்கிறதா?

மூன்றாம்கண்:
பிழை இருக்கிறது. லாக்கேட்டுக்கு எழுத்து மட்டும்தான் போகும், ஆப்ஜெக்டை விரித்துக் காட்டாது. ஸ்ட்ரிங்கிஃபையோ எர்ரர் ஆப்ஜெக்டின் மெசேஜ், ஸ்டாக் இரண்டையும் எண்ணிக்கையில் சேர்க்காமல் தாண்டிவிடும், அதனால்தான் காலி அடைப்பு. நானே ஒரு முழு மாலையை இதற்குத் தொலைத்திருக்கிறேன். பிழையின் மெசேஜைத் தனியாக அச்சிடுங்கள்.
அதைவிட, லாக்கேட்டை விட்டு வெளியே வாருங்கள். கணினியில் குரோமைத் திறந்து, முகவரிப் பட்டையில் குரோம்://இன்ஸ்பெக்ட் என்று போங்கள். 'டிஸ்கவர் யுஎஸ்பி டிவைசஸ்' டிக் இருக்கட்டும், எமுலேட்டருக்கும் அது வேண்டும். உங்கள் ஆப்பின் பெயருக்குக் கீழே இன்ஸ்பெக்ட் என்று இருக்கும். அமுக்கினால் பிரவுசரில் பார்க்கும் அதே டெவ்டூல்ஸ் (பிழை தேடும் பலகை). வெள்ளைப் பக்கமாக வந்தால் கணினியில் நெட் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு லாகின் அமுக்குங்கள்.

ஈரக்காகிதம்:
வந்துவிட்டது! சிவப்பு வரி: லோக்கல்ஹோஸ்ட்:3000, கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு. ஆனால் லாகினைச் சரிபார்க்கும் என் நோட் சர்வர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

மூன்றாம்கண்:
ஓடுவது உங்கள் லேப்டாப்பில். எமுலேட்டர் தனி மெஷின் மாதிரி, அதற்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்த எமுலேட்டரே. அங்கே 3000இல் யாரும் இல்லை. லேப்டாப்பைக் கூப்பிட 10.0.2.2 என்ற முகவரி வைத்திருக்கிறார்கள். 10.0.2.2:3000 என்று மாற்றுங்கள். நிஜ போனில் இது செல்லாது, அங்கே லேப்டாப்பின் வைஃபை முகவரியைக் கொடுக்க வேண்டும்.

ஈரக்காகிதம்:
லாகின் ஆகிவிட்டது! மூன்று நாளாக இந்தப் பட்டனோடு மல்லுக்கட்டினேன். இருவருக்கும் நன்றி.

திண்ணைவாசி:
நல்லது. ஒன்று மட்டும்: ரிலீஸ் பில்டில் (வெளியிடும் பதிப்பு) இன்ஸ்பெக்ட் பட்டியலில் ஆப் தெரியாது, ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்துவிடாதீர்கள், டீபக் பில்டுக்குத்தான் (சோதனைப் பதிப்பு) அது. ஆனால் கன்சோல் லாக் ரிலீஸிலும் லாக்கேட்டுக்குப் போகும். லாகின் பகுதியில் பாஸ்வேர்டை எங்காவது அச்சிட்டிருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள்.

ஈரக்காகிதம்:
ஐயோ, இரண்டு இடத்தில் இருக்கிறது. அழித்துவிட்டேன். அலர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன், எண்ணினால் பதினேழு.