பட்டா நிலத்தில் பாதாள சாக்கடைக் குழாய்: கையெழுத்துக்கு முன் என்ன கேட்க வேண்டும்?

வணக்கம் உறவுகளே. ஆனையூர்ப் பக்கம் அப்பா பேரில் 12 சென்ட் பட்டா நிலம் இருக்கிறது. 2011-இல் மதுரை மாநகராட்சி 100 வார்டாக விரிந்தபோது உள்ளே வந்த பகுதி. பாதாள சாக்கடைக் குழாய் எங்கள் மேற்கு ஓரமாகப் போக வேண்டும் என்கிறார்கள்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. கழிவுநீர் சரிவில் தானாக ஓட வேண்டும். தெருவைச் சுற்றிக் கொண்டுபோனால் பள்ளம் ஆழமாகும், இல்லையென்றால் பம்ப் வைக்க வேண்டும். மழைக்காலத்தில் செப்டிக் டேங்க் பொங்கித் தெருவில் ஓடுவதைப் பார்த்தவர்கள் இதைத் தடுக்க மாட்டார்கள்.

ஆனால் அப்பாவிடம் கையெழுத்துக் கேட்கும் சம்மதக் கடிதத்தில் சர்வே எண் மட்டும்தான் இருக்கிறது. எத்தனை அடி அகலம், மேன்ஹோல் எங்கே, பழுதுபார்க்கத் தோண்டினால் ஓரத்துத் தென்னைகளுக்கு யார் பொறுப்பு, எதுவும் இல்லை. நிலம் எங்களுக்கே, குழாய் போகும் உரிமை மட்டும் அவர்களுக்காம். சரி, அந்த இடத்தில் அப்புறம் வீடு கட்ட முடியாதே, அதற்கு இழப்பீடு கேட்கலாமா? இதைப் பத்திரப்பதிவு செய்தால் வில்லங்கச் சான்றில் ஏறுமா? புலப்படத்தில் (நிலத்தின் அளவு காட்டும் சர்வே வரைபடம்) குழாய்ப் பாதையைக் குறித்து, அதையும் கடிதத்தோடு இணைக்கச் சொல்லலாமா?

அவனியாபுரம், திருநகர்ப் பக்கம் இப்படி எழுதிக் கொடுத்தவர்கள் இருந்தால், பெயர்களை மறைத்துவிட்டு வாசகத்தை மட்டும் அனுப்புங்கள். வக்கீல், சர்வேயர் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, விவரம் தெரியாமல் அவரைக் கையெழுத்துப் போட வைக்க மனசு வரவில்லை.