குருஷ்சோவ்கா முற்றமும் அதில் வளர்ந்த பிள்ளைகளும்: 1985–1992

ஐந்தாம் மாடி:
கட்டடத்திலிருந்து தொடங்கினால்தான் அந்தப் பிள்ளைப் பருவம் புரியும். குருஷ்சோவ்கா என்பது சோவியத் நாட்டில் குருஷ்சோவ் காலத்தில் கட்டத் தொடங்கிய மலிவான அடுக்குமாடிக் குடியிருப்பு, பெரும்பாலும் ஐந்து மாடி. அதற்கு மேல் போனால் லிஃப்ட் வைக்கவேண்டும் என்பதால் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். கூரை உயரம் இரண்டரை மீட்டர், சமையலறை ஐந்தாறு சதுர மீட்டர். உள்ளே கால் நீட்ட இடமில்லை. பிள்ளைகள் முற்றத்திலேயே கிடந்தார்கள், வீட்டுச் சாவி கழுத்துக் கயிற்றில்.

இலையுதிர்காலத்தில் குளிர் புகாமல் ஜன்னல் இடுக்கை அடைக்கும் வேலையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. மரச்சட்ட இடுக்கில் கத்தி முதுகால் பஞ்சைத் திணிக்கவேண்டும். நான்கைந்து செ.மீ. அகலக் காகிதப் பட்டையை நனைத்து, துணி சோப்பு தடவி மேலே ஒட்டவேண்டும். மாவுப் பசை போட்டால் வசந்தத்தில் பெயின்டும் சேர்ந்து உரியும். சோப்பு என்றால் ஈரத்துணி வைத்தாலே பட்டை கழன்றுவிடும். மேலே இருக்கும் ஃபோர்தச்கா என்ற குட்டி ஜன்னலை மட்டும் ஒட்டக்கூடாது. ஒட்டினால் சமையல் ஆவி வெளியேறாமல் கண்ணாடியில் நீராக வழியும்.

காலி பாட்டில்:
கைச்செலவுக்குக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து வாங்கும் காசுதான். அரை லிட்டர் பீர் பாட்டிலுக்கு 20 கோபெக் (நூறு கோபெக் ஒரு ரூபிள்), பால் பாட்டிலுக்கு 15. ஒரு பீர் பாட்டில் கிடைத்தால் ஒரு பிலம்பீர் ஐஸ்கிரீம்! கழுவித்தான் கொண்டுபோகவேண்டும், வாயில் சில்லு பெயர்ந்திருந்தால் தள்ளிவிடுவார்கள். பெரிய தொல்லை, ‘பெட்டி இல்லை’ என்று தொங்கும் அட்டை. காலிப் பெட்டி வரும்வரை எதையும் எடுக்கமாட்டார்கள்.

1985 மே மாத மதுக் கட்டுப்பாடு பிள்ளைகளையும் தொட்டது. வீட்டுச் சாராயம் பெருகியதும் கடையில் சர்க்கரை காணாமல் போனது, பின்னாலேயே தலோன் என்ற கூப்பன் வந்தது. வசிப்பிடப் பதிவு எங்கேயோ அங்கேதான் கூப்பன். மாதம் முடிந்தால் செல்லாது. கூப்பன் கையில் இருந்தாலும் சரக்கு வந்தால்தான் உண்டு. தலைக்கு இவ்வளவு என்று விற்றபோது பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் வரிசைக்கு இரவல் கேட்பார்கள். வரிசை எண்ணை உள்ளங்கையில் பேனாவால் எழுதுவார்கள், அழிந்தால் இடம் போச்சு.

மூன்றாம் வாசல்:
முற்றத்தில் எல்லாரும் ஒரே குடும்பம் போல என்று கொஞ்சம் இனிப்பாகவே சொல்வதுண்டு. ஆனால் அந்த ஒட்டுறவில் பாதி வேறு வழியில்லாததால் வந்தது. வீட்டைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் மாடிக்கு மாடி ஒரே தொடராக இறங்கும். பைபாஸ் என்ற சுற்றுக் குழாய் இல்லாத வீட்டில் ஒருவர் வால்வை மூடினால் அந்த வரிசை முழுக்கக் குளிரும். பிறகு குழாயில் ‘டங் டங்’ என்று தட்டுவார்கள், அதுதான் புகார் மனு.

1991 ஜனவரி 22 இரவு 50, 100 ரூபிள் தாள்கள் செல்லாது என்று அறிவித்து, மாற்ற மூன்றே நாள் கொடுத்தார்கள். வீட்டில் தாளாகச் சேர்த்து வைத்திருந்த முதியவர்கள்தான் திண்டாடினார்கள். அதே ஆண்டு ஜூலையில் ரஷ்யக் குடியரசில் வீடுகளைச் சொந்தமாக்கும் சட்டம். வீட்டுக்கு உரிமையாளர் வந்தார், படிக்கட்டுக்கு யாரும் வரவில்லை. பல்பு திருட்டுப் போனது, வாசலுக்கு இரும்புக் கதவு வந்தது.

அந்தக் கதவின் பொத்தான் பூட்டில் மூன்று எண்களை ஒரே நேரத்தில் அழுத்தவேண்டும். எண்ணை மாற்றாமலே விட்டால் அந்த மூன்று பொத்தான்கள் மட்டும் தேய்ந்து பளபளக்கும். தெருவில் போகிற யாரும் திறந்துவிடலாம்.