மூஸ் வேட்டையில் “ஒரு துளியும் வீணாவதில்லை” என்பது உண்மையா?

செங்காந்தள்:
பொதிகைத்தென்றல் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து என் எரிச்சல் அடங்கவில்லை. வரும் செப்டம்பரில் மனைவி, மைத்துனர், இரண்டு நண்பர்கள் என ஒரு கூட்டமாக அலாஸ்காவுக்குப் போய் மூஸ் மானை வேட்டையாடப் போகிறார்களாம். அந்தப் பயணம் குடும்பத்தையும் நட்பையும் இறுக்குமாம். சுட்டு வீழ்த்தும் விலங்கில் “ஒரு துளியும் வீணாவதில்லை” என்றும் முடித்திருந்தார். குடும்பப் பாசத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அலாஸ்கா மாநில வேட்டைத் துறையே சொல்லும் கணக்குப்படி, 725 கிலோ எடையுள்ள பெரிய ஆண் மூஸிலிருந்து ஏறக்குறைய 225 கிலோ கறிதான் கிடைக்கிறது. மீதி 500 கிலோ எங்கே போகிறது என்பதை அவர் விளக்கட்டும்.

வடமுனைவாசி:
அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் பல ஆண்டுகளாக வாழ்ந்து, ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் இங்குள்ள நண்பர்களோடு காட்டுக்குச் செல்பவன் என்ற முறையில் நானே பதில் சொல்கிறேன். 725 கிலோ என்பது உயிர் எடை. சந்தையில் 20 கிலோ ஆட்டைப் பிடித்து வந்து அறுத்தால் 20 கிலோ கறி வருமா? தோல், தலை, கால், குடல், இரத்தம் எல்லாம் போகப் பாதி நின்றால் பெரிது. அதிலும் எலும்பு இருக்கும். மூஸிலும் வயிற்றுப் பகுதியை நீக்கிச் சுத்தம் செய்தால் 725 கிலோ 430 ஆகிறது; எலும்பையும் கழித்தால் 225 நிற்கிறது. மறைந்துபோன கறி என்று எதுவும் இல்லை.

கறியைக் காட்டில் விட்டுவிட்டு வருவது இங்கே குற்றம். கழுத்து, நெஞ்சுக்கறி, விலாக்கறி, முன்சப்பை, பின்தொடை, முதுகுக்கறி ஆகிய அனைத்தையும் வெளியே கொண்டுவந்தாக வேண்டும். தவறினால் அபராதமும் ஓராண்டு வரை சிறையும் உண்டு. கொம்பைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடிவரவும் முடியாது. கறியெல்லாம் வெளியேறிய பிறகோ கடைசிச் சுமையோடு சேர்த்தோதான் கொம்பு காட்டைவிட்டுக் கிளம்பலாம். இந்தச் சட்டத்தைப் படிக்காமல் கழித்தல் கணக்கு மட்டும் போட்டால் இப்படித்தான் வரும்.

செங்காந்தள்:
ஆட்டை நீங்களே இழுத்து வந்தது நல்லதாகப் போயிற்று. நம் ஊரில் எந்த வீட்டில் ஆட்டுத் தலையைத் தூக்கி எறிகிறார்கள்? ஈரல், குடல், நாக்கு, கால் என எதை விடுகிறார்கள்? நீங்கள் பெருமையோடு அடுக்கிய சட்டப் பட்டியலில் தலை இல்லை, ஈரல் இல்லை, இதயம் இல்லை, குடல் இல்லை. அவற்றைக் காட்டிலேயே போட்டுவிட்டு வர அந்தச் சட்டமே அனுமதி தருகிறது. அலாஸ்காவின் உட்பகுதியில் வாழும் அதபாஸ்கன் மக்கள் மூஸ் தலையில் சூப் வைக்கிறார்கள். மூக்கைச் சிறந்த உணவாகக் கருதுகிறார்கள். அவர்களுக்கு உணவாக இருப்பது விமானத்தில் வந்து இறங்கும் விருந்தாளிக்குக் கழிவாகிவிடுகிறது. 500 கிலோ எங்கே என்று கேட்டேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பொதிகைத்தென்றல்:
நான் சொன்னது கறியைப் பற்றி. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் இழுப்பது நியாயமில்லை. ஹூஸ்டனில் காலை முதல் இரவுவரை கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருக்கும் நாங்கள், ஆண்டுக்கு ஒரு முறையாவது ஐந்து பேர் ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே அடுப்பில் சமைத்து, வேட்டையாடியதைப் பகிர்ந்து உண்ண ஆசைப்படுவதில் என்ன குற்றம்? என் நண்பரின் சித்தப்பா அலாஸ்காவின் ஆங்கரேஜில் இருக்கிறார். எல்லா ஏற்பாட்டையும் அவர் பார்த்துக்கொள்வார். முடிந்தால் ஒரு பழுப்புக் கரடிக்கும் டேக் (அந்த விலங்கை வேட்டையாட வாங்கும் அனுமதி) வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வடமுனைவாசி:
தம்பி, உங்கள் பக்கம் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே காலை வாரிவிடுகிறீர்கள். உங்களில் எத்தனை பேர் அமெரிக்கக் குடிமக்கள்? வேலை விசாவில் டெக்சாஸில் இருப்பவர் மூஸை வேட்டையாட வேண்டுமானாலும் உரிமம் பெற்ற வழிகாட்டி உடன் இருந்தே தீர வேண்டும். வெளிமாநிலக் குடிமகனுக்கு மூஸ் வேட்டையில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பழுப்புக் கரடி, டால் ஆடு என்னும் காட்டுச் செம்மறி, மலை ஆடு ஆகிய மூன்றுக்கும் வழிகாட்டியோ, 19 வயது நிரம்பிய அலாஸ்காவாசியான நெருங்கிய உறவினரோ கூட இருக்க வேண்டும். மைத்துனர், மாமனார், மருமகன் எல்லாம் அந்த உறவுப் பட்டியலில் இருக்கிறார்கள், சித்தப்பா இல்லை. நண்பரின் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவரை நம்பிக் கரடிக்குப் போனால் ஊருக்குத் திரும்பும் வழியில் நீதிமன்றத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

இப்போது செங்காந்தளின் 500 கிலோவுக்கு வருகிறேன். மூஸ் விழுந்த பிறகு நடப்பதை அவர் ஒரு முறையாவது கண்டிருந்தால் அந்தக் கேள்வியே பிறந்திருக்காது. அது பெரும்பாலும் முழங்கால் சேற்றில்தான் விழும். ஒருவர் பின்னங்காலைத் தோளில் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொள்ள, மற்றவர் வயிற்றைக் கீறும்போது இரைப்பை ஒரு சாக்கு மூட்டைபோல வெளியே சரியும். அதற்குள் அரைகுறையாகச் செரித்த வில்லோ சுள்ளியும் நீர்ச்செடியும் நிறைந்திருக்கும். நீங்கள் கேட்கும் 500 கிலோவில் ஒரு பெரிய பங்கு அந்தத் தழையும் நீரும்தான். தோலை உரிக்கும்போது முடி கறியில் ஒட்டாமல் பார்க்க வேண்டும். உடல் சூட்டை உடனே தணிக்காவிட்டால் தொடை எலும்பை ஒட்டிய கறி முதலில் கெட்டுவிடும். ஒவ்வொரு துண்டையும் காற்றுப் போகும் துணிப்பையில் இட்டு, ஸ்ப்ரூஸ் கழிகளில் தொங்கவிட்டு, மேற்புறம் உலர்ந்து கறுப்பாய்ப் பொருக்குக் கட்டும்வரை ஈ அண்டாமல் காக்க வேண்டும். கரடி மோப்பம் பிடித்து வருவதற்குள் ஒவ்வொரு தொடையையும் முதுகில் கட்டிக்கொண்டு, கால் வைத்தால் சாயும் புல்மேடுகளைத் தாண்டி ஆற்றங்கரைக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். அந்த வேலையைத் தனியாகச் செய்ய முடியாது. அதனால்தான் குடும்பமும் நண்பர்களும் சேர்ந்து போகிறார்கள். ஒரு மனிதரின் குணத்தை அறிய அதைவிட நல்ல இடம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

செங்காந்தள்:
சுமை தூக்கிய கதையை உருக்கமாகச் சொன்னீர்கள். தலை எங்கே என்பதை அதில் சொல்லவில்லை. ஈரல் எங்கே என்பதையும் சொல்லவில்லை. சென்ற ஆண்டு சால்மன் மீன் பற்றிய விவாதத்திலும் இதே வேலையைத்தான் செய்தீர்கள்: கேட்டதற்குப் பதில் சொல்லாமல், “இங்கே வாழ்பவன் நான்” என்று நான்கு பத்தி எழுதி எல்லோரையும் களைப்படைய வைத்தீர்கள்.

மலைத்தேன்:
இருவரும் பெரிய படத்தைத் தவறவிடுகிறீர்கள். அமெரிக்காவில் நீண்ட துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 விழுக்காடு வரி வசூலித்து, 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைக் காட்டுயிர்ப் பாதுகாப்புக்காக மாநிலங்களுக்குப் பிரித்துத் தருகிறார்கள். வெளிமாநிலத்தவர் மூஸ் டேக்குக்கு மட்டும் 800 டாலர் கட்டுகிறார். அந்தப் பணமில்லாமல் வானிலிருந்து மூஸைக் கணக்கெடுக்கும் விமானம்கூடப் பறக்காது.

செங்காந்தள்:
துப்பாக்கி வாங்குபவர் எல்லோரும் வேட்டைக்காரர் இல்லை. இலக்கில் சுட்டுப் பழகுபவரும், வீட்டுக் காவலுக்கு வாங்குபவரும் அதே வரியைத்தான் கட்டுகிறார்கள். அவர்கள் கட்டிய பணத்துக்கு வேட்டைக்காரர் மாலை போட்டுக்கொள்ள வேண்டாம். பணம் கட்டியதால் 500 கிலோ உணவாகிவிடாது.

நெய்தல்நிலா:
இதுவரை பேசாமல் இருந்தேன். யூகான் ஆற்றின் கரையில் ஒரு சிற்றூர் மருத்துவ நிலையத்தில் செவிலியாகப் பணியாற்றியிருக்கிறேன். வெளியூர் வேட்டைக்காரர்கள் ஊர் திரும்பும்போது விமானத்தில் இடமில்லை என்று கறியை ஊர்க்காரர்களுக்குத் “தானம்” செய்துவிட்டுப் போவார்கள். ஒரு முறை வந்த பையை ஊர்ப் பாட்டி ஒருவர் திறந்தார். மழையில் நனைந்து, பையே கறியோடு ஒட்டி, பச்சை படர்ந்திருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் மேற்பகுதியைச் சீவிச் சீவி எறிந்தார். கடைசியில் நாய்க்குக் கொடுக்கும் அளவுக்குத்தான் மிஞ்சியது. தாளில் அது கொடையாகப் பதிவாகிவிடும். வடமுனைவாசி ஐயா சொல்லும் 225 கிலோவில் இதுவும் சேர்த்தியா?

யூகான் ஆற்றில் கிங் சால்மனைப் பிடிக்க 2024இல் ஏழு ஆண்டுகளுக்குத் தடை ஒப்பந்தமே போட்டுவிட்டார்கள். மீனும் இல்லாத ஊரில் மூஸ்தான் குளிர்காலச் சோறு. அங்கே இழவு வீட்டு விருந்துக்கு மூஸ் கறி இல்லாமல் முடியாது. பருவம் தவறி அதற்காக வேட்டையாடியவர்மேல் வழக்குப் போட்டு, அது மதச் சடங்கின் உரிமை என்று 1979இல் மாநில உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஊருக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்து, “குடும்பத்தை இறுக்க” வந்தேன் என்று எப்படிச் சொல்ல மனம் வருகிறது?

வடமுனைவாசி:
கெட்ட கறியைக் கொண்டுவந்து தள்ளியவனைத் தண்டிக்க வேண்டும். அதை எந்த நல்ல வேட்டைக்காரனும் மறுக்கமாட்டான். அவனைக் காட்டி எங்கள் எல்லோர்மீதும் சேற்றை வாரி இறைப்பதைத்தான் மறுக்கிறேன். கூட்டரசு நிலங்களில் நாட்டுப்புறத்தாரின் உணவுத் தேவைக்கே முன்னுரிமை என்று 1980ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பல பகுதிகளில் வெளிமாநிலத்தவர் சுடும் மூஸுக்குக் கொம்பின் அகலம் 127 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் முன்கிளைகள் குறித்த எண்ணிக்கையில் இருக்க வேண்டும். ஓரங்குலம் குறைந்தாலும் அதிகாரி கறியையும் கொம்பையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

செங்காந்தள்:
கொம்பை அளந்துதான் சுட வேண்டும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். கறிக்காகப் போகிறவர் எதற்காகக் கொம்பை அளக்கிறார்?

வடமுனைவாசி:
இனப்பெருக்கத்தின் சுமையைத் தாங்கும் நடுவயது ஆண் மூஸ்களைக் காப்பாற்றுவதற்காக அளக்கிறார். கீனாய் தீபகற்பத்தில் 1987இல் இந்த விதியைக் கொண்டுவந்தபோது, ஒற்றை முனையோ கவையோ உள்ள இளங்கொம்பனையும் அகன்ற கொம்புள்ள மூத்ததையும் சுடலாம், இடைப்பட்டதைத் தொடாதே என்றார்கள். சுவரில் மாட்டுவதற்காக என்றால் இளங்கொம்பனை எதற்காக அனுமதிக்க வேண்டும்? தலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் நண்பர்கள் நாக்கையும் இதயத்தையும் முதல் இரவே சமைத்துவிடுவார்கள். மற்றதைக் காக்கை, நரி, வால்வரின், கரடி ஆகியவை தின்கின்றன. அவை தின்றால் வீண், நாம் தின்றால் பயன் என்பது என்ன கணக்கு?

பொதிகைத்தென்றல்:
வழிகாட்டி வைத்தால் செலவு எவ்வளவு ஆகும் என்று யாராவது சொல்ல முடியுமா? மைத்துனர் மட்டும்தான் எங்களில் குடியுரிமை பெற்றவர்.

செங்காந்தள்:
குடும்பத்தையே இறுக்கப் போகிறவர், மைத்துனரை மட்டும் அனுப்பிவிட்டுப் படம் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை “ஒரு துளியும்” என்ற வரியை நீக்குங்கள்.

பொதிகைத்தென்றல்:
நீக்கமாட்டேன்.

நெய்தல்நிலா:
கறியை விடுங்கள். மிதவை விமானங்கள் செப்டம்பர் முழுவதும் ஆற்றுவளைவுகளின் மேல் தாழப் பறந்து, மூஸைக் கரையிலிருந்து உள்காட்டுக்கு விரட்டிவிடுகின்றன. ஊர்க்காரர் படகில் வருகிறார். பெட்ரோலை எண்ணி எண்ணி ஊற்றுகிறார். கரையில் மூஸ் இல்லையென்றால் அவருக்கு அந்த ஆண்டு கறி இல்லை.

வடமுனைவாசி:
பறந்த நாளிலேயே சுடக் கூடாது. மறுநாள் அதிகாலை 3 மணிவரை காத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வானிலிருந்து பார்த்து இறங்கிச் சுடுவதைத் தடுக்கத்தான் அந்த விதி.

நெய்தல்நிலா:
விமானம் விரட்டிய மூஸ் 3 மணிக்குத் திரும்பி வந்து நிற்குமா? நோயாட்டாக் ஆற்றுப் பகுதியில் இலையுதிர்கால வேட்டைக்கு விமானத்தையே பயன்படுத்தக் கூடாது என்று மாநிலம் எல்லை வகுத்து வைத்திருக்கிறது. தொல்லை இல்லையென்றால் அந்த எல்லை எதற்கு?

வடமுனைவாசி:
தொல்லை இருந்த இடத்தில் அளந்து பார்த்து எல்லை வகுத்தார்கள். உங்கள் ஊருக்கும் அது தேவை என்று நினைத்தால் வேட்டை விலங்கு வாரியத்தில் முன்மொழிவு கொடுங்கள். யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பொது விசாரணை நடக்கும் நாளில் நானும் வந்து, அதை எதிர்த்து என் பெயரைச் சொல்லியே பேசுவேன்.

நெய்தல்நிலா:
வாருங்கள். அந்தப் பாட்டியையும் அழைத்து வரச் சொல்கிறேன். கறிப்பை எப்படி இருந்தது என்பதை அவரே வாரியத்திடம் சொல்லட்டும்.