வல்லாரைச் சாறு அழற்சியைக் குறைக்காமல் கூட்டுகிறது, எங்கே பிழை?

கல்லடி மாணவி:
வல்லாரையிலிருந்து பிரித்தெடுத்த பல்சக்கரைட்டை (நீண்ட சர்க்கரைச் சங்கிலி) ராவ் 264.7 என்ற எலியின் நோயெதிர்ப்புக் கலங்களில் போட்டுப் பார்க்கிறேன். அழற்சி குறையும் என்று நம்பித்தான் தொடங்கினேன், ஆனால் மூன்று முறையும் அழற்சியைக் காட்டும் டிஎன்எஃப் ஆல்பா என்ற புரதம் ஏறித்தான் நிற்கிறது. 0.22 மைக்ரோன் வடியில் வடித்தாயிற்று, அகார் தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை. 20 நிமிடம் கொதிக்க வைத்த சாறும் அதே அளவுதான். 'நோயெதிர்ப்பைத் தூண்டுகிறது என்று எழுதிவிடு' என்கிறார்கள், எனக்கு மனம் வரவில்லை.

சம்மாந்துறை:
எழுத வேண்டாம் தங்கச்சி, கொஞ்சம் பொறுங்கள். தட்டில் முளைக்கவில்லை என்றால் உயிருள்ள கிருமி இல்லை, அவ்வளவுதான். செத்த கிராம் எதிர் பற்றீரியாவிலிருந்து கழன்ற எண்டோடொக்சின் என்ற நச்சு அந்த வடியைத் தாண்டிப் போகும், கொதியையும் தாங்கும், ஓட்டோகிளேவின் 121 பாகையிலும் அழியாது. வல்லாரை ஈரமண்ணில் படர்கிற கீரை, வாய்க்கால் ஓரத்தில் பிடுங்கியது என்றால் கேட்கவே வேண்டாம். இந்தக் கலங்களைத் தூண்ட மில்லிலீற்றருக்கு ஒரு நானோகிராமே போதும். கொதிக்க வைத்துப் பார்ப்பது புரதத்துக்குத்தான் பொருந்தும், ஏனென்றால் புரதம் சூட்டில் குலையும். பல்சக்கரைட்டும் சூடு தாங்குவதால் உங்களுக்கு அது எதையும் பிரித்துக் காட்டாது.

எண்டோடொக்சினைப் பிடித்து முடக்கும் பொலிமிக்சின் பி என்ற மருந்தைச் சேர்த்து ஒரு தொகுதி போடுங்கள், தனி எண்டோடொக்சினோடும் ஒன்று கட்டாயம் வேண்டும், மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமே. தூண்டல் குறைந்தால் அசுத்தம்தான். குறையாவிட்டாலும் சாறு சுத்தம் என்று எடுக்காதீர்கள், டிஎல்ஆர் 2 என்ற வேறொரு கல ஏற்பி வழியாகத் தூண்டும் பற்றீரியா லிப்போபுரதங்களை இந்த மருந்து தடுக்காது.

கல்லடி மாணவி:
நன்றி அண்ணா. எண்டோடொக்சினை எல்ஏஎல் சோதனையால் நேரே அளந்துவிட முடியாதா?

ஒலுவில் வாசகி:
அளக்கலாம், ஆனால் குதிரைலாட நண்டின் இரத்தத்தில் செய்யும் அந்தச் சோதனை பீற்றா குளுக்கன் என்ற பூஞ்சைச் சுவர்ப் பொருளுக்கும் நேர்முடிவு காட்டிவிடும், பூஞ்சை பட்ட கீரையில் அது இருக்கும். குளுக்கனைத் தடுக்கும் கரைசலோடு செய்யுங்கள். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் அழற்சியைத் தூண்டுகின்றன என்று எத்தனையோ பேர் எழுதிய பிறகு, 2003 அளவில்தான் அதில் பெரும்பகுதி அந்தப் புரதங்களை உருவாக்கப் பயன்படுத்திய ஈ. கோலை பற்றீரியாவிலிருந்து வந்த அசுத்தம் என்று காட்டினார்கள். உங்கள் சந்தேகம் சரியானது, விட்டுவிடாதீர்கள்.

கல்லடி மாணவி:
பொலிமிக்சின் போட்டதும் வெற்றுக் கலங்களின் அளவுக்கே இறங்கிவிட்டது! எண்டோடொக்சினை அழிக்கக் கண்ணாடிப் பொருட்களை 250 பாகையில் 30 நிமிடம் உலர்சூட்டில் வைத்து, ஊசிமருந்துக்கான நீரில் முதலிலிருந்து பிரிக்கிறேன்.