இயக்க ஆற்றலில் மட்டும் ½ எங்கிருந்து வருகிறது?

கேள்வி (பதினோராம் வகுப்பு மாணவி):
வணக்கம். நான் தமிழ்வழியில் படிக்கிறேன். வேலை, ஆற்றல், திறன் பாடத்தின் சூத்திரங்களை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் தேர்வறையில் குழம்பிவிடுகிறேன். சென்ற தேர்வில் நிலை ஆற்றலுக்கு ½ போட்டு, இயக்க ஆற்றலுக்கு அதை விட்டுவிட்டதால் இரண்டு கணக்குகளுமே தவறாகிவிட்டன. அந்த ½ எங்கிருந்து வருகிறது, திசைவேகம் ஏன் இருமடியாகிறது என்பது புரிந்துவிட்டால் மறக்காது என்று நம்புகிறேன். யாராவது விளக்க முடியுமா?

மறுமொழி (ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்):
அம்மா, இவற்றைத் தனித்தனிச் சூத்திரங்களாக மனப்பாடம் செய்வதுதான் குழப்பத்துக்குக் காரணம். வேலை என்பது விசை × இடப்பெயர்ச்சி. நிலை ஆற்றல், இயக்க ஆற்றல் இரண்டும் அதிலிருந்தே பிறக்கின்றன.

கிணற்றில் நீர் இறைப்பதை எடுத்துக்கொள். வாளியும் நீருமாக 10 கிலோகிராம், கிணற்றின் ஆழம் 10 மீட்டர். வாளியைச் சீராக மேலே இழுக்கும்போது உன் கை கொடுக்கும் விசை அடியிலிருந்து விளிம்பு வரை மாறுவதில்லை: நிறை 10 × புவியீர்ப்பு முடுக்கம் 9.8, அதாவது 98 நியூட்டன். அதை 10 மீட்டரால் பெருக்கினால் 980 ஜூல்; நீ செய்த இந்த வேலையே வாளியின் நிலை ஆற்றலாகச் சேர்கிறது. விசை மாறாததால் இங்கே ½ வருவதற்கு இடமே இல்லை.

இனி, ஓய்வில் இருக்கும் ஒரு பொருளை மாறாத விசையால் தள்ளுவதாகக் கொள்வோம். அதன் திசைவேகம் சுழியில் தொடங்கிச் சீராக ஏறுவதால், அது கடந்த தொலைவை இறுதித் திசைவேகத்தைக் கொண்டு கணக்கிடக் கூடாது. சராசரியைக் கொண்டுதான் கணக்கிட வேண்டும். சுழிக்கும் இறுதித் திசைவேகத்துக்கும் சராசரி அதில் பாதி. நீ தேடும் ½ இதுதான். விசை = நிறை × திசைவேகம் ÷ காலம்; தொலைவு = ½ × திசைவேகம் × காலம். இரண்டையும் பெருக்கிப் பார்: காலம் அடிபட்டுப்போகும், திசைவேகம் இரண்டு முறை வந்து இருமடியாக நிற்கும். அப்படிக் கிடைக்கும் ½ × நிறை × திசைவேகத்தின் இருமடிதான் இயக்க ஆற்றல்.

மறுமொழி (பொறியியல் மாணவர்):
ஐயா சொன்ன இருமடியைச் சாலையிலேயே பார்க்கலாம். ஆளும் வண்டியுமாக 200 கிலோகிராம் உள்ள பைக் மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 10 மீட்டரில் போனால் அதன் இயக்க ஆற்றல் 10,000 ஜூல்; 72 கிலோமீட்டரில் போனால் 40,000 ஜூல். பிரேக் 1,000 நியூட்டன் விசை தருமானால் முதல் பைக் 10 மீட்டரிலும் இரண்டாவது 40 மீட்டரிலும்தான் நிற்கும். மணிக்குக் கிலோமீட்டரை வினாடிக்கு மீட்டராக மாற்ற மறந்துவிடாதீர்கள். விடை பெரும்பாலும் அங்கேதான் தவறுகிறது.

மறுமொழி (வேறொரு வாசகர்):
இந்த இருமடி அறிஞர்களையே நெடுங்காலம் வாதிட வைத்தது. 1720களில் ஸ்கிராவெசாண்டெ என்ற டச்சு அறிஞர் பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் விழவிட்டு, வேகம் இரட்டித்தால் பள்ளம் நான்கு மடங்காவதைக் கண்டார். வேகத்தை இரட்டிக்க நான்கு மடங்கு உயரத்திலிருந்து போட வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நிலை ஆற்றலும் இயக்க ஆற்றலும் பொருந்துவது தெரியும். பிரான்சில் எமிலி து ஷாத்தலே 1740இல் வெளியிட்ட இயற்பியல் நூலில், வேகத்தின் இருமடியையே கணக்கில் கொள்ள வேண்டும் என்ற கருத்தை வலுவாக ஆதரித்தார்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. 2 கிலோகிராம் கல்லை 5 மீட்டரிலிருந்து விழவிட்டுக் கணக்கிட்டேன். மேலே நிலை ஆற்றல் 98 ஜூல், தரையைத் தொடும்போது திசைவேகத்தின் இருமடி 98, இயக்க ஆற்றலும் 98 ஜூல். ஐயா, சுருள்வில்லின் சூத்திரத்திலும் ½ வருகிறதே, அதுவும் இதே சராசரிதானா?

ஆசிரியர்:
ஆம், அம்மா. ஆனால் அங்கே சுழியிலிருந்து ஏறுவது விசை. வில்லை இழுக்கத் தொடங்கும்போது விசையே தேவைப்படாது. நீட்சி கூடக் கூட அதுவும் கூடுகிறது. ஆகவே இறுதி விசையின் பாதியை நீட்சியால் பெருக்க வேண்டும். விசை–நீட்சி வரைபடம் வரைந்தால் அந்த வேலை ஒரு முக்கோணத்தின் பரப்பாகத் தெரியும்; வாளிக்கு வரைந்தால் செவ்வகம் வரும். இரண்டையும் ஒரே தாளில் வரைந்து பார்.