கலம்காரியை முதுகலைக் கட்டுரையில் எழுதுவது எப்படி? – அனுபவப் பகிர்வு

நகரித் தறி: எம்.வி.ஏ. (காண்கலை முதுகலை) இரண்டாம் ஆண்டு. சமகாலக் கலையின் விமர்சனச் சிக்கல்கள்னு ஒரு தாள். கலையா கைவினையா என்ற விவாதத்துக்கு, ஆந்திராவில் துணிமேல் கையால் வரைந்து சாயம் ஏற்றும் காளஹஸ்தி கலம்காரியை எடுக்கலாம்னு இருக்கேன். எங்கிருந்து தொடங்கணும்?

சொர்ணமுகிக் கரை: தியரியை அப்புறம் பாருங்க தம்பி, முதலில் துணி. "இயற்கை வண்ணங்களால் தீட்டப்படும் ஓவியம்" என்ற வரியிலேயே பல கட்டுரைகள் சறுக்கிவிடுகின்றன. கலம்காரியில் கறுப்பையும் சிவப்பையும் யாரும் தீட்டுவதில்லை.

காடாத் துணியைக் கஞ்சி போக அலசி, கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் முக்கிப் பிழிந்து காயவைப்பார்கள். கடுக்காய் தருவது துவர்ப்பு, பால் தருவது கொழுப்பு. பால் குறைந்தால் கோடு நூலோடு ஊறி மீசை விடும். பிறகு கசிமி: துருப்பிடித்த இரும்பு, வெல்லம், தண்ணீர் மூன்றும் 15 முதல் 21 நாள் புளித்த நீர். கலம் என்கிற மூங்கில் எழுதுகோலிலிருந்து இறங்கும்போது அது வெறும் பழுப்புத் தண்ணீர். கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டதும்தான் கறுக்கும்.

சிவப்பு இன்னும் வேடிக்கை. தடவுவது நிறமே இல்லாத படிகாரத் தண்ணீர். ஒரு நாளாவது ஊறவிட்டு, ஓடுகிற தண்ணீரில் அலசுவார்கள். தொட்டியில் அலசினால் கழன்ற படிகாரம் பக்கத்து இடத்தில் போய் உட்காரும். சாயத்தில் கொதிக்கும்போது அங்கெல்லாம் சிவப்புத் திட்டு. ஆற்றங்கரையில் இந்தத் தொழில் நின்றதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை.

இது தெரிந்தபின் "தூரிகை வீச்சு", "கைத்தடம்" என்று எண்ணெய் ஓவியத்துக்கான சொற்களைக் கலம்காரி மேல் போட முடியாது. நிறம் வரப்போகும் இடத்தைத்தான் கை குறிக்கிறது. நிறம் பின்னால் கொப்பரையில் வருகிறது. கட்டுரைக்கு 4000 சொல் என்றால் இதற்கு 600 சொல் ஒதுக்குங்க. பழைய துணி பார்க்கக் கிடைத்தால் கறுப்புக் கோட்டோரம் உற்றுப் பாருங்க. பூச்சி அரித்த மாதிரி இழை விட்டிருக்கும். இரும்பு பருத்தியைத் தின்றுவிடும்.

சித்தூர் மேட்டுத்தெரு: கரை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கோங்க. சிவப்புக்கு அந்தக் காலத்தில் சாயவேர். 1868இல் ஜெர்மனியில் கிரேபேயும் லீபர்மனும் அந்தச் சிவப்புச் சாயப்பொருளான அலிசரினைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். இன்று பல கொப்பரைகளில் அதுதான் கொதிக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடைச்சீட்டில் இருக்கும் "முழுக்க இயற்கை" என்ற வாசகத்தை நீங்கள் கட்டுரையில் காப்பியடித்தால் அதுதான் வெட்கம்.

தியரிக்கு இரண்டு இடங்களைப் பிடித்தால் போதும். ஒன்று, 1982இல் திறந்த போபால் பாரத் பவன். ஓவியர் ஜே. சுவாமிநாதன் பழங்குடி ஓவியத்தையும் நகரத்து நவீன ஓவியத்தையும் அங்கே ஒரே கூரையின் கீழ் வைத்தார். இன்னொன்று, 1989இல் பாரிஸில் ழான்-யூபேர் மார்த்தன் அமைத்த 'மஜிசியன் தெ லா தேர்' (பூமியின் மந்திரவாதிகள்) கண்காட்சி. மேற்குக்கு வெளியே உள்ளவர்களைக் காலமே தொடாத மந்திரவாதிகள் மாதிரி காட்டிவிட்டது என்று அதன்மேல் எழுந்த விமர்சனத்தைக் கட்டாயம் படிங்க. கோண்டு பழங்குடி ஓவியர் ஜன்கட் சிங் ஷ்யாம் இரண்டு இடத்திலும் இருந்தார். 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்காக வரையப் போன இடத்தில் இறந்துபோனார்.

ஆனால் அவர் கதையைக் கலம்காரிக்கு அப்படியே ஒட்டவைக்காதீங்க. அங்கே ஒரு பெயர், ஒரு கை. இங்கே ஒரு துணிக்கு நாலைந்து கை.

ஏகாம்பரகுப்பம்: அந்த நாலைந்து கையைத்தான் பேட்டியில் கோட்டை விடுவாங்க. பட்டறைக்குப் போய் "இதி எவரு வேசாரு?" (இதை யார் வரைஞ்சாங்க?)னு தெலுங்குல கேட்டா முதலாளி பேர் மட்டும் வரும். கேள்வியை உடைச்சுக் கேளுங்க. கடுக்காய் போட்டது யார், புளியங்குச்சிக் கரியில உருவம் போட்டது யார், கசிமிக் கோடு யார், படிகாரம் யார், ஆத்துல அலசுனது யார். ஒவ்வொண்ணுக்கும் கூலி நாள் கணக்கா, துண்டுக் கணக்கானு அங்கேயே குறிச்சுக்கோங்க. ஒப்புதல் படிவம் தெலுங்குல இருக்கணும். பேரை அவங்க கையெழுத்துப் போடுற மாதிரியே எழுதுங்க. கொப்பரை கொதிக்கிற நேரத்துல யாரும் பேச மாட்டாங்க. கோடு போடுறப்ப உக்காந்தா பேச்சு தானா வரும்.

நகரித் தறி: அப்போ "கைவினை"ங்கிற சொல்லையே விட்டுடலாமா அக்கா?

ஏகாம்பரகுப்பம்: எதுக்கு விடணும்? அந்தச் சொல் யாருக்கு என்ன கொடுக்குதுன்னு பாருங்க. காளஹஸ்தி கலம்காரிக்குப் புவிசார் குறியீடு இருக்கு. நம்ம தமிழ்நாட்டுப் பக்கம் கருப்பூர்க் கலம்காரிக்கும் 2021ல கிடைச்சுது. ஆனா அது ஊர்ப் பேரைத்தான் காக்கும், கோடு போட்டவர் பேரை இல்ல. கேலரியில நேர் எதிர்: கையெழுத்துக்குத்தான் விலை, அலசினவங்க பேர் சீட்டிலேயே வராது. உங்க கட்டுரைக்கான சண்டை இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் இருக்கு.

சொர்ணமுகிக் கரை: சரியாச் சொன்னீங்க. தம்பி, படம் எடுக்கும்போது துணியின் பின்பக்கத்தையும் ஒன்று எடுங்க. ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் பின்பக்கம் வெளிறிக் காட்டிக்கொடுக்கும். படத்தின் கீழே "கலம்காரி, பருத்தி" என்று நிறுத்தாமல் எந்தெந்தச் சாயம், எத்தனை அலசல், யார் யார் கை என்று முழுசாகப் போடுங்க. நாலு வரி வந்தாலும் பரவாயில்லை.