சர்வர் டு சர்வர் ஃபைல் போகவில்லை, அவசரம்!!

சுண்டல்27:
நண்பர்களே, பழைய சர்வரிலிருந்து புதுசுக்கு ஃபைல் மாற்ற வேண்டும். நேற்று வரை போனது, இன்று போகவில்லை. எரர் எதுவும் இல்லை, அப்படியே நிற்கிறது. காலைக்குள் முடிக்காவிட்டால் மேனேஜர் தோலை உரித்துவிடுவார். என்ன செய்யலாம்?

வேப்பமரத்தடி:
எதை வைத்து அனுப்புகிறீர்கள்? எஃப்டிபியா, ஆர்சிங்க்கா? லினக்ஸா, விண்டோஸா? மொத்தம் எவ்வளவு? இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா?

நூல்கண்டு:
டிஸ்க் நிறைந்திருக்கும் ப்ரோ. எனக்கு இப்படி வந்தபோது 40 ஜிபி காலி என்று காட்டியது, ஆனால் ஐநோடு, அதாவது ஃபைலுக்கு ஒன்று என்று டிஸ்க் வைத்திருக்கும் பதிவு, தீர்ந்திருந்தது. டிஎஃப் மைனஸ் ஐ போட்டுப் பாருங்கள்.

பழைய_அட்மின்:
தம்பி, டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரை கேட்பீர்களா? என்ன நடக்கிறது என்று விவரமாகக் காட்ட கமாண்டில் மூன்று வி சேர்த்து ஓட்டி, கடைசிப் பத்து வரியை இங்கே ஒட்டுங்கள். நூல்கண்டு, ஐநோடு தீர்ந்தால் இடமில்லை என்று எரர் வரும். அவர்தான் எரர் இல்லை என்கிறாரே.

சுண்டல்27:
ஆர்சிங்க், எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக. இரண்டும் உபுண்டு. 400 ஜிபி, எல்லாம் ஸ்கேன் செய்த பிடிஎஃப். ஒரே கட்டடம்தான், ஒன்று தரைத்தளம், ஒன்று இரண்டாம் மாடி. பிங் (இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைப் பாக்கெட்) போகிறது, லாகின் ஆகிறது. ஐநோடு 11% தான். சின்ன டெக்ஸ்ட் ஃபைல் போய்விடுகிறது. பெரிய பிடிஎஃப் என்றால் 32,768, 0% என்று காட்டிவிட்டு அசைய மாட்டேன் என்கிறது.

நூல்கண்டு:
அப்போ ஃபைல் காப்பி செய்யும் இன்னொரு கமாண்ட், எஸ்சிபி, போட்டுப் பாருங்களேன்.

பழைய_அட்மின்:
அதுவும் அதே எஸ்எஸ்எச் வழியாகத்தான் போகும். 2022-ல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.0 முதல் எஸ்சிபியே உள்ளுக்குள் எஸ்எஃப்டிபியாக (அதுவும் எஸ்எஸ்எச் மேல் ஓடுவதுதான்) மாறிவிட்டது. கொஞ்சம் படித்துவிட்டுப் பதில் போடலாம்.

மொட்டைமாடி:
ஒரே கட்டடத்துக்கு எதற்கு இந்தப் பாடு? யூஎஸ்பி டிஸ்கில் ஏற்றி, படியேறிப் போய் மாட்டுங்கள். டீ குடிக்கிற நேரம்.

பழைய_அட்மின்:
கிகாபிட் லைனில் நொடிக்கு 110 எம்பி, 400 ஜிபிக்கு ஒரு மணி நேரம். டிஸ்க் அதே வேகம் என்று வைத்தாலும் ஏற்ற ஒரு மணி, இறக்க ஒரு மணி. அது என்ன டீ சார்?

மொட்டைமாடி:
அவர் லைன் இப்போது நொடிக்கு 0 எம்பி. படிக்கட்டு வேலை செய்கிறது.

நூல்கண்டு:
எக்ஸ்ஃபேட் ஃபார்மட் போட்ட டிஸ்க் என்றால் ஓனர், பர்மிஷன் எல்லாம் காணாமல் போகும். டார் போட்டு, அதாவது எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகக் கட்டி, எடுத்துப் போனால் சரி.

வேப்பமரத்தடி:
படிக்கட்டை விடுங்கப்பா. சுண்டல், சின்னது போய்ப் பெரியது நின்றால் எனக்கு எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட் அதிகபட்சம் எத்தனை பைட் இருக்கலாம் என்ற அளவு, மேல்தான் சந்தேகம். இரண்டு சர்வரிலும் ஐபி லிங்க் போட்டுப் பாருங்கள். 9000 என்று இருந்தால், மைனஸ் எம் டூ சேர்த்து, அதாவது பாக்கெட்டைத் துண்டாக்காதே என்று சொல்லி, 8972 அளவில் பிங் அனுப்புங்கள். ஹெடர் 28 பைட்டும் சேர்ந்தால் சரியாக 9000. அது போகாமல் 1472 மட்டும் போனால், நடுவில் ஏதோ ஒன்று 1500-க்கு மேல் விடுவதில்லை. வெறும் பிங் 56 பைட்தான், எந்தச் சந்திலும் நுழைந்துவிடும், அதை நம்பாதீர்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் ஏதாவது மாற்றினீர்களா?

சுண்டல்27:
இரண்டிலும் 9000. 8972 போகவில்லை, 1472 போகிறது!! நேற்று ராத்திரி மாடியில் ஸ்விட்ச் மாற்றினார்கள். அது நெட்வொர்க் ஆட்கள் வேலை, அதனால் சொல்லவில்லை.

பழைய_அட்மின்:
அதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டாமா? பெரிய ஃப்ரேம் (பாக்கெட்டைச் சுமந்து வரும் உறை) வந்தால் ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். ரூட்டர் மாதிரி "பாக்கெட் பெரிசு" என்று திருப்பிச் சொல்லாது. அதுதான் எரரே வரவில்லை. நானும் எம்டியூ என்றுதான் நினைத்தேன்.

மொட்டைமாடி:
எங்கே நினைத்தீர்கள்? மேலே தேடினேன், கிடைக்கவில்லை.

சுண்டல்27:
இரண்டிலும் 1500 வைத்தேன். ஓடுகிறது, 108 எம்பி. நன்றி.

வேப்பமரத்தடி:
கமாண்டில் மட்டும் மாற்றினீர்களா, நெட்பிளானிலும் (உபுண்டுவின் நெட்வொர்க் செட்டிங் ஃபைல்) எழுதினீர்களா? எழுதாவிட்டால் ரீபூட் ஆனதும் திரும்ப 9000 வந்து நிற்கும். புது ஸ்விட்ச்சில் ஜம்போ ஃப்ரேம், அதாவது 1500-க்கு மேற்பட்ட அளவு, போட முடியுமா என்றும் அவர்களிடம் கேளுங்கள்.

வேப்பமரத்தடி:
சுண்டல்?

மொட்டைமாடி:
டீ குடிக்கப் போயிருப்பார்.